பதினோராவது உயிரினம்

எங்கள் ஊர்க்காரர்களிடம் கடலைக் காட்டினால் "எம்புட்டுப் பெரிய கம்மாய்" என்றுதான் முதலில் சொல்வார்கள். குன்றாண்டார்கோவில் பக்கத்து மானாவாரி மண்ணில் பிறந்தவர்களுக்கு வேறு அளவுகோல் கிடையாது. கண்மாய் நிறைந்தால் நிறைந்தது. வற்றினால் அடுத்த மழை வரைக்கும் வற்றியதுதான். காலையில் வற்றி மத்தியானம் ஏறுகிற தண்ணீரைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், தை அமாவாசைக்கு மீமிசல் கடலில் குளிக்க வேன் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டேன். டீச்சர் சும்மா விடவில்லை. "கடலுக்குப் போறேல்ல, அங்க பாத்த உயிரினம் பத்து எழுதிட்டு வா. இல்லாட்டி லீவு கெடையாது" என்று சொல்லிவிட்டார். அதற்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு, வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

மாடு கன்று போடும் நேரம் என்பதால் அம்மா வரவில்லை. அப்பா, அத்தை, அத்தையின் கணவருக்கு அண்ணனான பெரிய மாமா, அவர் சம்சாரம், நான், ஆக ஐந்து பேர். அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. மாமா சவுதிக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். முதல் இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வந்தது. பிறகு வேறு கம்பெனிக்கு மாறப்போகிறேன் என்று ஒரு போன். அதோடு சரி. ஆறு வருஷமாகப் பேச்சும் இல்லை, காசும் இல்லை. ஊர் திரும்பியவர்களில் ஒருவர் அவரை வேறொரு ஊரில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். எது நிஜம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அத்தை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் காட்டு வேலைக்குப் போக மாட்டார். செல்போனை முழுக்க சார்ஜ் ஏற்றி, தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார்.

அந்தப் பயணத்தில் பெரியவர்கள் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். பெரிய மாமாவின் மகளுக்கு ஒரு இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார், "ஒங்க தம்பி இருக்காரா இல்லையா? ஒரு முடிவு சொல்லுங்க" என்று கேட்டார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு ஜோசியர், போனவனுக்குக் காரியம் செய்யாமல் வைத்திருந்தால் வீட்டில் நல்லது நடக்காது என்று அவல் அள்ளிக் கொடுத்துவிட்டார். அதனால் தை அமாவாசையன்று கடற்கரையில் மாமாவுக்குக் காரியம் செய்வது, அத்தையின் தாலியை அங்கேயே கழற்றிவிடுவது என்று முடிவானது. இதைச் சொன்னால் அத்தை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். ஆகவே, "கடல்ல முங்கி எந்திரிச்சா போனவன் திரும்பி வருவான்னு ஜோசியர் சொல்றாரு" என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். ஐயரும் நாலு பெரிய மனுஷரும் சூழ்ந்து நின்றால் அவரால் மறுக்க முடியாது என்பது கணக்கு.

எங்களில் ஒருத்தி தாலியை இழந்தால் பிறந்த வீட்டார் கோடிச் சேலை போட வேண்டும். அது அண்ணன்காரன் கடமை. அப்பா புதுக்கோட்டையில் சேலை எடுத்து, வயர் கூடையில் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருந்தார். முறுக்கு இருக்கும் இடத்தில் சேலையை ஒளித்தால் நான் கண்டுபிடிக்காமல் இருப்பேனா? அறந்தாங்கி தாண்டும்போதே பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் தங்கச்சிக்குப் புதுச்சேலையா என்று முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம், பாவம் அத்தைதானே, ஆறு வருஷமாக யார் வாங்கித் தந்தார்கள் என்று நானே சமாதானம் ஆகிக்கொண்டேன்.

மீமிசலில் கடற்கரை முழுக்கத் தலைகளாக இருந்தது. தர்ப்பணம் செய்துவைக்க ஐயர் உட்கார்ந்திருந்த இடத்தில் வரிசை நின்றது. பெரிய மாமா எட்டாவது ஆள். கடல் உள்வாங்கிச் சேறும் மணலுமாக வெகுதூரம் கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதன் மேல் பச்சையாக அலையாத்திப் புதர், புதருக்கு முன்னால் வெள்ளையாக ஒரு கோடு. கோடு அசைந்தது. பறவைகள் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அப்பா, அங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வாரேன்ப்பா."

"ஒதை வாங்குவே."

அத்தைதான் குறுக்கே வந்தார். "முழங்கால் தண்ணிதாண்ணே இருக்கு. நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். ஒங்க வரிசை வர்றதுக்குள்ள வந்துருவோம்."

அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அன்று அரக்குச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, நெற்றியில் பெரிய பொட்டோடு நின்றார். "சரித்தா, போயிட்டு வெரசா வந்துருங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டார். நான் நோட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அடியில் புல் மாதிரி ஏதோ வளர்ந்து காலை வருடியது. பத்தடி போவதற்குள் முதல் உயிரினம் கிடைத்தது. சேற்றில் ஒரு சின்ன நண்டு, ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, வா வா என்று கூப்பிடுவதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனால் வளைக்குள் ஓடிவிட்டது.

"கூப்புடுறதும் அதுதான், ஓடுறதும் அதுதான்" என்று அத்தை சிரித்தார். "ஒங்க பெரிய மாமா மாதிரி. சாப்புட வாங்கன்னு கூப்பிட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிருவாரு." அத்தை இப்படியெல்லாம் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுத்து, சேற்றின் மேல் துடுப்பை ஊன்றி ஊன்றி நடந்துபோகும் ஒரு மீன். கண் இரண்டும் தலை உச்சியில் இருந்தது. மீன் என்றால் நீந்த வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்த எனக்கு அதை எப்படி எழுதுவதென்று குழப்பமாகிவிட்டது. "நடக்குற மீனுன்னு எழுது. டீச்சர் வேணும்னா வந்து பாத்துக்கிறட்டும்" என்றார் அத்தை. அப்படியே எழுதினேன். பிறகு உள்ளான் குருவிகள், ஒரு கூழைக்கடா, தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும்பும் ஆலா, அழுகின வெள்ளரிக்காய் மாதிரி கிடந்த கடல் அட்டை என்று பட்டியல் நீண்டது. அட்டையைத் தொட்டுப் பார் என்று அத்தை சொன்னார். அவரைத் தொடச் சொன்னால், "நான் பெரிய மனுசி, தொடக் கூடாது" என்றார். கண்ணாமூச்சி ஆட என்னைவிட ஒரு வயது மூத்த பிள்ளை கிடைத்தது போலிருந்தது எனக்கு.

திட்டில் ஏறியபோது பட்டியலில் ஒன்பது சேர்ந்திருந்தது. பத்தாவது, நாங்கள் தேடி வந்த வெள்ளைக் கோடு. கொக்கு என்று நினைத்திருந்தோம். கிட்டே பார்த்தால் அதற்கும் கொக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆள் இடுப்புக்கு மேல் உயரம், சிவந்த கால், வளைந்த அலகு, கழுத்தைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றை அரித்துக்கொண்டிருந்தன. நூறுக்கு மேல் இருக்கும். ஒன்று சிறகை விரித்தது. உள்ளே அத்தனையும் செம்பருத்திச் சிவப்பு. பாடப்புத்தகத்தில் பார்த்த பூநாரை! நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். "எங்கெங்கயோ இருந்து வருது பாரு, வழி தெரிஞ்சு" என்று அத்தை மெதுவாகச் சொன்னார்.

திட்டில் எங்களைத் தவிர ஓர் அம்மாள் மணலைத் தோண்டி மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். வாளி நிறைந்ததும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "தண்ணி ஏறப் போவுதுங்க. இன்னைக்கு அமாவாசை, நெறையவே ஏறும். புள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். கண்மாய்க்காரர்களான எங்களுக்கு அது புதுச் செய்தி. அத்தையும் உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். எனக்கும் பசி. தர்ப்பணம் முடிந்தால் வடை பாயசம் என்று பெரிய மாமா சம்சாரம் வேனிலேயே ஆசை காட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து என் நாக்கில் சனி உட்கார்ந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து காட்டிய அத்தைக்கு நானும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சேதிதான்.

"அத்தை, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பா ஒங்களுக்குப் புதுச்சேலை வாங்கி வச்சிருக்காங்க. கூடைக்குள்ள இருக்கு."

அத்தையின் முகம் மலர்ந்தது. "அண்ணனா? எனக்கா? என்ன நெறம்டி?"

"வெள்ளை. கரையே இல்லை அத்தை. அப்பாவுக்குச் சேலை எடுக்கவே தெரியலை."

அத்தை நின்றுவிட்டார். கரைப் பக்கம் பார்த்தார். அங்கே பெரிய மாமா எழுந்து நின்று எங்களை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை திரும்பித் திட்டுக்கே போய், ஈர மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, போவோம் அத்தை. தண்ணி ஏறும்னு அந்தம்மா சொன்னாங்கள்ல?"

"இருடி. இன்னொரு உசுரு பாத்துட்டுப் போவோம்."

"பத்து எழுதிட்டேன் அத்தை. டீச்சர் பத்துதான் கேட்டாங்க."

"பதினொண்ணாவதும் எழுது. டீச்சர் என்ன வேண்டாம்னா சொல்லப் போறாங்க?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்துக்குப் பத்து வாங்கியவளுக்குப் பதினோராவது எதற்கு? கரையில் அப்பாவும் துண்டை எடுத்து வீசத் தொடங்கியிருந்தார். நாங்கள் நடந்துவந்த சேற்றுப் பாதையில் தண்ணீர் சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஒரு உயிரைப் பிடித்துக் காட்டிவிட்டால் விட்டுவிடுவார் என்று நானும் மணலைக் கிண்டினேன். ஒரு சங்கு அகப்பட்டது. கொட்டைப் பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே இருட்டாக இருந்தது.

"வெறும் சங்கு அத்தை. உள்ள ஒண்ணுமில்லை. செத்துப்போச்சு" என்று தூக்கி எறியப் போனேன்.

"போடாதே. கீழ வையி" என்று அத்தை அதட்டினார். என்னை அதட்டாத அத்தை. "அசையாம உக்காரு. பேசாதே."

இரண்டு பேரும் அந்தச் சங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. எனக்குக் கால் மரத்துவிட்டது. பின்னால் பூநாரைகள் வாத்து மாதிரிக் கத்தி ஏதோ பேசிக்கொண்டிருந்தன. சங்கு அசையவில்லை. நான் எழப் போனபோது அத்தை என் தோளை அழுத்தினார். அப்போது சங்கின் வாயிலிருந்து நூல் மாதிரி ஒன்று நீண்டது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு சின்னச் சிவப்புக் கால் வெளியே வந்து மணலைத் தொட்டுப் பார்த்தது. கடைசியில் சங்கு முழுவதும் எழுந்து, உள்ளே இருந்த நண்டு அதைச் சுமந்துகொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தது.

"உள்ள ஆளு இருக்குடி" என்றார் அத்தை. அதைச் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். ஒரு நண்டுக்காக இவ்வளவு அழுகையா என்று எனக்குப் பயமாகிவிட்டது. என் பசியை மறந்து, "வீட்டுக்குப் போவோம் அத்தை" என்று அவர் முதுகைத் தடவினேன்.

அதற்குப் பிறகு போக வழியில்லை. அத்தை இறங்கிப் பார்த்தபோது தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டியிருந்தது. எனக்கு அது தலைக்கு மேல். திட்டும் சுருங்கிவந்தது. அலையாத்திப் புதரோரம் நின்று, அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நாலாம் வகுப்புப் படிக்கிறவளை இடுப்பில் தூக்குவதை யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று நான் வேறு கவலைப்பட்டேன். கடைசியில் அப்பா மீனவர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வள்ளத்தில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் நான் மட்டும் பதினொரு உயிரினத்தின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கரையில் ஐயர் மூட்டையைக் கட்டிவிட்டார். முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. அத்தை இல்லாமல் செய்ய முடியாத அந்த இன்னொரு காரியம்தான் நின்றுபோனது. "நேரம் தாண்டிருச்சு. இனிமே செஞ்சா பலன் இல்லை. எனக்கு இன்னொரு ஊருக்கும் போவணும்" என்று அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

பெரிய மாமாவுக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. "இம்புட்டு நேரம் அங்கிட்டு என்ன பண்ணுனீக? கூப்புட்டது காது கேக்கலையா?"

அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார். "நான் கெளம்புவோம்னுதான் சொன்னேன் மாமா. புள்ளைதான் இன்னும் ஒண்ணு பாக்கணும், இன்னும் ஒண்ணு பாக்கணும்னு அடம் புடிச்சிருச்சு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதை நான் அன்று நேரில் அனுபவித்தேன். வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் குட்டு தலையில் விழுந்தது. பெரிய மாமா சம்சாரம், "பொட்டைப் புள்ளைக்கு இம்புட்டு அழுத்தம் ஆகாது" என்று ஆரம்பித்து, அறந்தாங்கி வரைக்கும் என்னை வளர்த்த லட்சணத்தைப் பேசிக்கொண்டு வந்தார். அப்பா கூடையைத் தன் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். யாரும் முறுக்குக் கேட்கவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் கை மட்டும் என் கையை ஊர் வரும்வரை விடவில்லை. நான் இரண்டு தரம் உதறினேன். திரும்பவும் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் அப்பா காலில் ஒட்டியிருந்த கடல் சேற்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். நியாயம் கேட்காமல் தூங்கும் வழக்கம் எனக்கு இல்லை.

"நான் அடம் புடிக்கலைப்பா. நான் போவோம் போவோம்னுதான் சொன்னேன். அத்தைதான் பதினொண்ணு எழுதச் சொன்னாங்க. மட்டி பொறுக்குற அம்மா தண்ணி ஏறும்னு சொன்னதுக்கு அப்புறமும் அத்தைதான் உக்காந்துக்கிட்டாங்க."

அப்பா கழுவுவதை நிறுத்தினார். "தண்ணி ஏறும்னு தெரிஞ்சுமா உக்காந்துச்சு?"

"ஆமா. நான் சேலையைப் பத்திச் சொன்னேன். ஒடனே உக்காந்துட்டாங்க."

சேலையைப் பற்றிச் சொன்னதற்கு இன்னொரு குட்டு விழும் என்று தலையைச் சுருக்கிக்கொண்டேன். விழவில்லை. அப்பா செம்பைக் கையில் பிடித்தபடி குந்தியே இருந்தார். தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது. பிறகு என்னை இழுத்து, குட்டின இடத்தைத் தடவிப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டார். வலித்தது மத்தியானம், கேட்டது சாயங்காலம். ஆமாம் என்றேன்.

"இங்க பாரு. நீதான் அடம் புடிச்சே. பெரிய மாமா கேட்டாலும் அதைத்தான் சொல்லணும். அம்மா கேட்டாலும் அதைத்தான் சொல்லணும். புரியுதா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஆமா" என்றார் அப்பா.

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று அதற்கு முந்தின வாரம்தான் சொன்னவர். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். இரண்டு பெரியவர்கள் சேர்ந்துகொண்டு ஒரு சின்னப் பிள்ளையை ஏமாற்றுகிறார்கள் என்று தலையணை நனைய அழுதேன். நோட்டில் டீச்சர் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தும் என் மனம் ஆறவில்லை.

அடுத்த தை பிறந்ததும் பெரிய மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். இந்த வருஷமாவது அமாவாசைக்குப் போய்க் காரியத்தை முடித்துவிடுவோம், வேன் பேசவா என்று கேட்டார். நான் அதே அறையின் மூலையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைக் கையைக் காட்டிச் சலித்துக்கொண்டார்.

"எங்க மச்சான் வர்றது? இவளை விட்டுட்டு வந்தா வீடே ரெண்டாயிரும். கூட்டிக்கிட்டு வந்தா போன வருசம் மாதிரி அடம் புடிச்சுக் காரியத்தைக் கெடுத்துருவா. கொஞ்சம் பெரிசாகட்டும், பாப்போம்."

நான் வாயையே திறக்கவில்லை. கடலுக்குப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மாமா என்னை முறைத்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்துப் போனார். அதற்கு அடுத்த வருஷமும் அப்பா அதையேதான் சொன்னார். பெரிய மாமா மகளுக்கு வேறோர் இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் முடிகிறவரைக்கும், ஒவ்வொரு தையிலும் என் பெயரைச் சொல்லியே அந்தப் பயணம் நின்றது. அத்தனை வருஷமும் நான் அடம் பிடிப்பதை அடியோடு விட்டுவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்டு, கொடுத்ததைத் தின்று, நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். எல்லார் கண்ணுக்கும் தெரிந்த அது, என் அப்பாவின் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவே மாட்டேன் என்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.